செவ்வாய்க்கிழமை, தேவனாம்பட்டினம்

மஞ்சக்குப்பத்தில் ஷேர் ஆட்டோ ஏறும்போதே
பக்கத்து சீட்காரர் கேட்டுவிட்டார்:
"இன்னிக்கு ஸ்கூல் லீவா?"
"ஸ்கூலுக்குத்தான் போறோம்" என்றான் ஓவியன்,
கையில் பிளாஸ்டிக் வாளி, கழுத்தில் துண்டு.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் வெளியே பார்த்தேன்,
பார்க்க ஒன்றுமில்லாத பக்கமாக.

ஒன்பது பத்துக்கு ஒரு குச்சி நட்டோம்,
நனைந்த மணல் முடிந்து
நனையாத மணல் தொடங்கும் இடத்தில்.
நோட்டில் என் கையெழுத்து:
'அலகு நான்கு. சுற்றளவு.
தேவையானவை: அளவுநாடா, பொறுமை.'

நாடா என் தையல் பெட்டியுடையது.
முதல் பத்து சென்டிமீட்டர் எப்போதோ கிழிந்துபோனது.
எதை அளந்தாலும் பத்தைக் கழிக்க வேண்டும்.
நிறைமதிக்கு அது பிடித்திருக்கிறது,
ஒவ்வொரு விடைக்குள்ளும்
அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று ஒளிந்திருப்பதால்.

மணல் வீட்டின் நீளம் எண்பத்திரண்டு,
கழித்தால் எழுபத்திரண்டு.
அகலம் அறுபது, கழித்தால் ஐம்பது.
கூட்டி இரண்டால் பெருக்குவதற்குள்
ஓர் அலை, அவசரமே இல்லாமல் வந்து,
கிழக்குச் சுவரை எடுத்துக்கொண்டு போனது.
"இப்ப எவ்வளவு?" என்றேன்.
"கடலையும் சேர்க்கணும்மா.
அது எங்க முடியுதுன்னு சொல்லு, போடறேன்."

ஃபைபர் படகுகளின் நிழலில் ஓர் ஆமை கிடந்தது.
செத்து இரண்டு நாளாவது இருக்கும்.
இதற்கு நான் பாடம் எழுதி வரவில்லை.
மூக்கைப் பொத்திக்கொண்டு
ஓட்டின் தட்டுகளை எண்ணினாள் நிறைமதி:
இடப்பக்கம் ஆறு.
வலப்பக்கம் ஏழு.
மறுபடி எண்ணினாள்.
போன வாரம்தான் வண்ணத்துப்பூச்சியை நடுவில் மடித்து
சமச்சீர் படித்திருந்தோம்.
"யாரோ தப்பா பண்ணிட்டாங்க" என்றான் ஓவியன்.

"ஏழுதான். நானும் எண்ணிட்டேன்."
படகுக்குப் பின்னாலிருந்து ஒரு பையன்.
சீருடை, முதுகில் பை,
ஷூவுக்குள் சுருட்டிச் செருகிய சாக்ஸ்,
வெறுங்கால்.
"என்னைப் பாத்ததா யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."
பெயர் வளவன். ஆறாவது.
இன்றைக்குக் கணக்குப் பரீட்சை.

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன்.
என் மகளின் முழங்காலில் ஈர மணல்,
மகனின் காதுக்குள்ளும் மணல்,
செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி.
மூடிக்கொண்டேன்.

அவன் ஆமையைத் தாண்டி உட்கார்ந்தான்,
நாடாவை வாங்கினான்,
வாலிலிருந்து கழுத்துவரை வளைத்துப் பிடித்தான்.
"எண்பத்தொண்ணு."
"பத்தைக் கழி" என்றாள் நிறைமதி.
"ஏன்?"
கிழிந்த முனையைக் காட்டினாள்.
சிரித்தான். கழித்தான்.
அதன்பிறகு மூவரும் படகு எண்களைக் கூட்டினார்கள்,
கூட்டுத்தொகை பெரிதாக வந்த படகு யாருக்கு என்று
சண்டை போட்டார்கள்,
எனக்குத் தெரியாத விதிகளோடு.

நடுவில் ஒருமுறை என்னிடம் வந்து கேட்டான்:
"இவங்கள நீங்க அடிக்க மாட்டீங்களாக்கா?"
"கோவம் வந்தா கத்துவேன்."
கொஞ்சம் யோசித்து, பரவாயில்லை என்பதுபோல்
தலையசைத்துவிட்டுப் போனான்.

பதினொன்றரைக்குக் குச்சியைத் தேடினோம்.
இல்லை.
இங்கே என்றான் ஓவியன், அங்கே என்றாள் அவள்.
வளவன் கடலுக்குள் பத்தடி தள்ளிக் கை காட்டினான்.
நோட்டில் அந்தக் கட்டத்தை
வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

ஆட்டோவுக்குக் கை நீட்டும்போது
ஓடி வந்தான், ஷூவை இரு கையிலும் பிடித்தபடி.
"அக்கா, நாளைக்கு ஸ்கூல் இருக்கா?"
"இருக்கு" என்றேன்.

எந்த ஸ்கூலைக் கேட்டான் என்று
தலைமைத் தபால் நிலையம் தாண்டித்தான் தோன்றியது.