பதினான்கு விநாடிக் கடல்

மண்டபம் பயிற்சிக் கூடத்தில்
மூன்று திரைகளை வளைத்து நிறுத்தி
நடுவே ஒரு சுக்கான் சக்கரம் நட்டிருந்தார்கள்.
திரையில் ஓடும் கடல் என்னுடையது.

கல்யாண வீடியோ எடுக்கிறவன் நான்.
மாப்பிள்ளையின் வியர்வைக்குப் பழகிய கேமராவை
வள்ளத்தின் அணியத்தில் கயிறு போட்டுக் கட்டி
குந்துகால் துறையிலிருந்து நான்கு நாள் போனோம்.
கேட்டிருந்தது கச்சான் கடல்.
மூன்று நாளும் கிடைத்தது
எண்ணெய்க் கிண்ணம்.
நாலாம் நாள் காற்று எழும்பியதும்
அமரத்தில் இருந்து இன்னாசி
எடு எடு என்று கத்தினான்.
நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.
கேமரா தன்பாட்டுக்கு எடுத்தது.

தேறியது பதினான்கு விநாடி.
அதன் வாலை அதன் தலையோடு ஒட்டி
ஓயாத புயலாக்கினான்
கணினிக்காரன் தாஜுதீன்.
ஒட்டின இடத்தில் மட்டும்
பாதி வானம் கடந்த ஒரு கடக்காக்கா
சட்டென்று புறப்பட்ட இடத்துக்கே துள்ளும்.
யார் கவனிக்கப்போகிறார்கள் என்றேன்.

முதல் நாள் ஏழு படகு கவிழ்ந்தது.
மூன்றாம் நாள் ஒன்றுகூட இல்லை.
கிளாட்வினுக்கு நூற்றுக்கு நூறு.
எப்படிடா?
"காக்கா துள்ளுச்சுன்னா மூணு எண்ணணும்ணே.
எடது பக்கம் அலை வரும். வெட்டித் திருப்பிரணும்."
அலையைப் பாத்தியா?
"அதை எதுக்குப் பாக்கணும்?"

அன்று இரவே
படம் படமாகக் காக்காவை அழித்தேன்.
இரண்டே நாளில்
வேறொன்றைக் கண்டுபிடித்தார்கள்:
சட்டகம் லேசாக நடுங்கும் இடம்.
நான் குமட்டி
கேமராவில் தோள் இடித்த விநாடி.
என் வயிற்றை வைத்து
திசை பார்க்கிறது ஒரு வகுப்பு.

வேடிக்கை பார்க்க வந்த இன்னாசியை
சக்கரத்தின் முன் நிறுத்தினார்கள்.
காலைத் தரையில் மாற்றி மாற்றி வைத்தான்.
சிமென்ட் ஒன்றும் சொல்லவில்லை.
எங்களை அன்று உயிரோடு கொண்டுவந்த
அதே அலையில், அதே கையோடு,
மூன்று முறை மூழ்கினான்.
மதிப்பெண் இருபத்திரண்டு.
"நல்லாத்தான் எடுத்திருக்க" என்று
சட்டைப் பையில் பீடி தேடினான்.

இப்போது நாற்பது நிமிடம் கேட்கிறார்கள்,
ஒட்டு இல்லாமல்.
மறுபடியும் அணியம், மறுபடியும் கயிறு.
வாந்திக்கு மாத்திரை போட்டாயிற்று.
பாம்பன் பாலம் பின்னால் சிறுத்தபோது
ஒரு கடக்காக்கா குறுக்கே போனது.
என்னை அறியாமல் இடது பக்கம் திரும்பி
எண்ணத் தொடங்கினேன்.
ஒன்று.
இரண்டு.

அலை வலது பக்கம் வந்தது.