பாகங்களைக் குறி

நீல சாக்பீஸ் தீர்ந்துபோயிருந்தது.
கடலை வெள்ளையில் வரைந்தேன்.
கடலிலிருந்து மேலே ஓர் அம்பு,
மேகத்திலிருந்து சாய்வாய்ச் சில கோடுகள்,
மலையிலிருந்து நெளிந்து வந்த ஆறு
பலகையின் மரச்சட்டத்தில் முட்டி நின்றது.

"ஆவியாதல்" என்றேன்.
"ஆவியாதல்" என்றார்கள்.
"ஆவி சுருங்குதல்."
"பேய் மிஸ்!" என்றது கடைசி பெஞ்சு.
சிரிப்பு அடங்க ஒரு நிமிஷம் போனது.

அப்போதுதான் ஜெர்லின் எழுந்தாள்.
"லாரி எங்க கீது மிஸ்?"

லாரி இயற்கை இல்லையம்மா
என்று சொல்ல வாயெடுத்தேன்.
நான் வரைந்த மலையைப் பார்த்தேன்.
கொருக்குப்பேட்டையில் ஏது மலை?
இவர்கள் பார்த்த ஒரே மலை
கொடுங்கையூர்க் குப்பைமேடு.
அதன் அடிவாரத்தில் ஒரு லாரி போட்டேன்,
பின்னால் குழாயும் வைத்து.

"கேட்டு மிஸ், ரயில்வே கேட்டு!
அது மூடிட்டா லாரி வராது."
கேட் போட்டேன்.
"கூட்ஸு!"
கூட்ஸும் போட்டேன்.
ஐம்பத்தெட்டுப் பெட்டி,
மகிமைராஜ் எண்ணியிருக்கிறான்.
அன்று உலகத்து நீர்ச்சுழற்சி
கேட்டுக்கு அந்தப் பக்கம்
இஞ்சின் அணைத்து நின்றது.

வானிலை அட்டவணை ஒன்றும் சுவரில் உண்டு.
சூரியன், மேகம், குடை:
தினம் ஒருவர் படம் ஒட்ட வேண்டும்.
புதன்கிழமைக் கட்டத்தில் படம் இல்லை.
பென்சிலில் 'வாடை' என்றிருந்தது.

வாடைக்காற்றா, மூக்கைப் பொத்தும் வாடையா?
"ரெண்டும்தான் மிஸ்" என்றாள் பவிஷ்ணா.
"மணலிப் பக்கமிருந்து அடிச்சா ரெண்டும் ஒண்ணா வரும்."
காற்றின் திசை சரி.
நாள் சரி.
அழிரப்பரை மேஜைக்குள் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மைதானத்தில் சூரியக் குடும்பம்.
சூரியனாக நிற்க ஒருவரும் வரவில்லை,
நகரவே கூடாதென்றால் யார் வருவார்?
கொடிக்கம்பம் சூரியன் ஆனது.
ஜெர்லின் பூமி:
தானும் சுற்றவேண்டும், கம்பத்தையும் சுற்றவேண்டும்,
மூன்றாவது சுற்றில் தலைசுற்றி உட்கார்ந்தாள்.
அவளைச் சுற்றி ஓடியே
மகிமைராஜ் நிலாவுக்கு மூச்சு வாங்கியது.
இடுப்பில் சைக்கிள் டயரோடு பவிஷ்ணா சனி.
எல்லோருக்கும் வெளியே
காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நெப்டியூன், ஆதில்.
"ஒரு சுத்துக்கு நூத்தி அறுபத்தஞ்சு வருஷம்,
மெதுவா நட" என்று சொல்லியிருந்தேன்.

பதினொன்று பத்துக்கு ஹாரன்.

பூமிதான் முதலில் ஓடியது.
பின்னாலேயே நிலா.
வியாழனும் வெள்ளியும் கேட்டில் இடித்துக்கொண்டார்கள்,
'எங்க பச்சைக் குடம் ரெண்டாவது!' என்று ஒரு கிரகம் கத்தியது,
சனி டயரைக் கழற்றவும் மறந்தாள்.
அம்மாக்கள் வேலையிலிருக்கும் நேரம்.
வாட்ச்மேன் தடுக்கவில்லை, நானும்தான்.

ஈர்ப்பு விசைக்கு
பாடக்குறிப்பில் நான் எழுதியிருந்த உதாரணம்
ஆப்பிள்.

லாரி போன பிறகு
தாரில் நீளமாய் ஓர் ஈரக்கோடு கிடந்தது.
ஓரத்திலிருந்து உள்நோக்கிக் காய்ந்தது.
கூப்பிட்டுக் காட்டலாமென்றால்
வகுப்பே தெருவில்,
குடத்துக்கு இரண்டு கையும் போதாமல்.

திரும்பினேன்.
சுவரில் ஒரு விரலை இழுத்துக்கொண்டே
ஆதில் நடந்துகொண்டிருந்தான்.
"உங்க வீட்டுக் குடம்?"
"அக்கா வெச்சிருக்கும்."
"போதும்டா, வா. எல்லாரும் போயாச்சு."

நிற்கவில்லை.
"இன்னும் கால் சுத்துகூட ஆகல மிஸ்" என்றான்,
கொடிக்கம்பத்தை ஒருமுறை பார்த்துவிட்டு.