ஆட்டமிழக்காமல்

கழகத்துக்கு அறுபது வயதாம், மலர் போடுகிறார்கள்.
பழைய ஸ்கோர் புத்தகங்களைக் கணினியில் ஏற்றும் வேலை
என் தலையில் விழுந்தது.
சீனன்குடா ஆலையில் மா மூட்டை எண்ணுகிறவன் நான்.
மூட்டை எண்ணுகிறவன் எதையும் எண்ணுவான்
என்று நினைத்துவிட்டார்கள்.

கறையான் தின்றது போக மிச்சம் இருபத்தாறு புத்தகங்கள்.
சில பக்கங்களில் தேநீர் வட்டம்.
ஒன்றில், ஓட்டங்களுக்கு நடுவே,
யாரோ கூட்டிப் பார்த்த சீட்டுக்காசு.

கிரிக்கெட்டின் புள்ளி வேறு புள்ளி.
பதினேழு புள்ளி மூன்று என்றால் பதினேழரை.
அதோடு பன்னிரண்டு புள்ளி மூன்றைக் கூட்டு,
சரியாக முப்பது.
ஆறுக்கு மேல் எண்ணாத உலகம் அது.
ஆலையில் இப்படிக் கூட்டினால்
அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு, ஜூன், ஒரு ஞாயிறு.
கிண்ணியா அணி நூற்று நாற்பது.
நாங்கள் நான்கு விக்கெட்டுக்கு எண்பத்து நான்கு,
பதினேழு புள்ளி மூன்று ஓவர்.
வெல்ல ஐம்பத்தேழு, பந்துகள் எழுபத்தைந்து.
அதன்பின் கட்டங்கள் வெள்ளை.
ஆட்டம் நின்ற காரணம் என்ற இடத்தில்
பேனை ஒருமுறை ஊன்றிய தடம் மட்டும்.
மழையென்றால் மழைக்கு இன்று ஒரு சூத்திரம் இருக்கிறது.
ஜூனில் திருகோணமலையில் ஏது மழை?

யோ. மரியநேசன், முப்பத்தேழு.
அதுதான் அவனுடைய முதல் ஆட்டம்.
அடுத்த புத்தகம் நான்கு வருடம் கழித்துத் தொடங்குகிறது,
அதில் அவன் பெயர் இல்லை,
அதற்கடுத்ததிலும் இல்லை.

சராசரி கேட்டது கணினி.
ஓட்டங்களை, ஆட்டமிழந்த தடவைகளால் வகுக்க வேண்டும்.
முப்பத்தேழின் கீழே பூச்சியம்.
பிழை, என்றது. மறுபடி தட்டினேன்.
பிழை.
அவனை ஒருதரமாவது யாராவது
வீழ்த்தியிருந்தால் கணக்கு வந்திருக்கும்.

இந்த ஊரில் கழித்தல் பழக்கமானதுதான்.
எண்ணெய்த்தாங்கி நூற்றொன்று கட்டினார்களாம்,
தொண்ணூற்றொன்பது நிற்கிறதாம்,
விடை இரண்டு, பள்ளிப் பிள்ளையும் சொல்லும்.
சராசரிதான் பொல்லாதது.
கன்னியாவில் கிணறு ஏழு, சூடும் ஏழு.
ஏழையும் கூட்டி ஏழால் வகுத்த தண்ணீரில்
இதுவரை யாரும் குளித்ததில்லை.

அன்று பந்து வீசிய றிஸ்மியைத் தேடிப் போனேன்.
இறங்குதுறைக்குப் பக்கத்தில் ரீலோட் கடை,
தாடி நரைத்திருக்கிறது.
"நாலாவது பந்து மெதுவாப் போட இருந்தனான்,
அவர் முன்னால வந்து தூக்கியிருப்பார்,
லோங் ஓனில ஆள் நிண்டது" என்றான்.
கொஞ்ச நேரம் கழித்து,
"பிடிச்சிருக்கவும் மாட்டான், அவன் கை ஓட்டை."

ஸ்ரெல்லா வந்தது வியாழக்கிழமை,
மீன் ஏலம் முடிந்த கையோடு,
விரலில் செதில் காய்ந்திருக்க.
நூற்றுக்கு எட்டுக் கழிவை
காகிதமில்லாமல் சொல்லுகிறவள், அவன் தங்கை.
கச்சேரியில் இரண்டு படிவம் கொடுத்தார்களாம்,
இறந்தார் என்று ஒன்று, இல்லை என்று ஒன்று.
இரண்டும் பையில் மடிந்தபடி கிடக்கின்றன.

பக்கத்தைக் காட்டினேன்.
ஒன்று, புள்ளி, நான்கு, ஒன்று, புள்ளி, இரண்டு.
ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பார்த்தாள்,
ஏலத்தில் மீனின் செவுளைப் பார்ப்பது போல.
முப்பத்தேழுக்குப் பக்கத்தில்
இதென்ன நட்சத்திரம் என்றாள்.
ஆட்டமிழக்கவில்லை என்று அர்த்தம், என்றேன்.
"எத்தினை பந்து மிச்சம்?"
எழுபத்தைந்து.
தலையை ஆட்டினாள். அவளுக்குச் சரியாக வந்திருக்க வேண்டும்.

ஒரு பிரதி கேட்டாள்.
பிரதிக்குப் பத்து ரூபாய், இருபதாகத் தந்தாள்,
என்னிடம் மாற்றிய காசில்லை.
மேசையெல்லாம் தேடினேன்.
அவள் படியிறங்கி, செருப்பை மாட்டி,
திரும்பாமலே சொன்னாள்:
"பரவாயில்லை, கணக்கில வையுங்கோ."