அரை லிட்டர்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தால்
சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி போன பிறகுதான்
எங்கள் கம்பெனிக்கு விடியும்.
அன்று திறந்திருந்தது.
நான் சீக்கிரமே போய்விட்டேன்.
தணிகாசலம் எபினேசரை
வாயை ஊதச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊதினான். பல்பொடி வாசம்.
"இன்னொரு வாட்டி."
ஊதினான்.

முந்தின மாலை நான் எழுதிக் கொடுத்த சீட்டு இது:
இருபது லிட்டர் வேண்டும், நூற்றுக்கு எழுபது.
கேனில் இருக்கும் ஸ்பிரிட் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.
எழுபதை இருபதால் பெருக்கு, தொண்ணூற்றாறால் வகு.
பதினான்கு புள்ளி ஐந்து எட்டு.
இருபதில் அதைக் கழி,
ஐந்து புள்ளி நான்கு இரண்டு தண்ணீர்.

இரவு ஷிப்டில் அவன் ஊற்றினான், கலக்கினான், மூடினான்.
காலையில் தொட்டியின் கோடு
பத்தொன்பதரை.

மண்டையோட்டுப் படம் ஒட்டிய கேன் அது.
குடித்தால் கண் போகும் என்று மூன்று மொழியில் எழுதியிருக்கிறது.
அப்படியும் கேட்டார்கள்
குடியை விட்டு ஆறு மாதமானவனிடம்,
அரை லிட்டர் எங்கே என்று.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.
லேப் டெக்னீஷியன் படிப்பில்
நான் இரண்டு முறை அரியர் வைத்த பாடம்.
பெருக்கல் சரி. வகுத்தல் சரி.
கழித்தல்தான் தப்பு.

அளவுக் குழாயை எடுத்தேன்.
ஐம்பது மில்லி ஸ்பிரிட். இன்னொன்றில் ஐம்பது தண்ணீர்.
எல்லோரும் பார்க்க ஒன்றில் ஒன்றைக் கவிழ்த்தேன்.
நூறு வரவில்லை.
தொண்ணூற்றேழையும் எட்டாமல் நின்றது.
தணிகாசலம் என் கையை மோந்து பார்க்காத குறை.
"தொட்டுப் பாருங்க சார்" என்றேன்.
கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது,
காய்ச்சல் விடப்போகிற குழந்தையின் நெற்றிபோல.

லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த நூர்நிஷா
தலை நிமிராமல் சொன்னாள்:
"ஷேர் ஆட்டோ கணக்குதான் இது.
திருவொத்தியூர்ல ஆறு பேர் ஏறுவான், வண்டி ரொம்பிடும்.
காலடிப்பேட்டைல நாலு பேர் ஏறுவான்.
வண்டி பெருசாவா ஆவுது?"

தணிகாசலம் சிரிக்கவில்லை.
சரி சரி என்றார்.
மதியத்துக்குள் ஸ்பிரிட் அறைக்கு
புதுப் பூட்டு வந்துவிட்டது.

டீக்கடையில் எபினேசர் கிளாஸைப் பிடித்திருந்தான், குடிக்கவில்லை.
"கணக்கு எனக்கும் தெரியும்க்கா.
குவார்ட்டர்னா நூத்தியெம்பது.
லேபிள்ல நாப்பத்திரண்டு புள்ளி எட்டு.
சுத்தமா எழுவத்தேழு மில்லி.
ஒரு சொம்பு தண்ணி ஊத்து, ஒரு கொடம் ஊத்து,
வீரியம்தான் கொறையும்.
எழுவத்தேழு உள்ளாரதான் கீது.
இது புரியவே எனக்குப் பதினோரு வருசம் ஆச்சு."

பிறகு, கேட் மணி அடிக்கும் சத்தத்தில் பாதி விழுங்கப்பட்டு,
"காலைல அவரு ஊதச் சொன்னப்போ
எனக்கே சந்தேகமாப் பூட்ச்சு.
தூக்கத்துல எழுந்து குட்ச்சிட்டனோன்னு."

எனக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.
அதனால் தெரிந்ததைச் சொன்னேன்:
எழுபது கிருமியைக் கொல்கிற அளவுக்குத் தொண்ணூற்றாறு கொல்லாது.
வீரியம் மிஞ்சினால் தோலை இறுக்கிவிட்டு வெளியே நிற்கும்.
உள்ளே போவதற்குத் தண்ணீர் வேண்டும்.
அவன் ஜல்லி லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சீட்டைத் திருத்தினேன்.
தண்ணீர் என்ற இடத்தில் எண்ணை அடித்து,
"கோடு வரை" என்று எழுதினேன்.

மாலையில் அவனே தொட்டியில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றினான்.
முட்டி போட்டு, ஒரு கண்ணை மூடி,
வளைவின் அடி கோட்டைத் தொடுகிறதா என்று பார்த்தான்.
தொடவில்லை.
ஊற்றின அரை லிட்டரிலும் கொஞ்சம் காணோம்,
ஒரு மூடி அளவு.

என்னைத் திரும்பிப் பார்த்தான்.
"இது நான் இல்லக்கா" என்றான்.
அன்று முதல் முறையாக
யாரோ சிரித்தோம்.