தில்வேல் கிளை

நெப்ராஸ்காவிலிருந்து வந்த உறைக்குள்
ஒரு மரத்தை மடித்து வைத்திருந்தார்கள்.
மேஜை போதவில்லை.
சபை அலுவலகத் தரையில் விரித்து
மூலைக்கொன்றாய் வைத்தேன்
காணிக்கைப் பை, பிசின் புட்டி,
பஞ்ச், என் சாப்பாட்டு டப்பா.

அடியில் ஜோனஸ் ஸ்டில்வெல், ஒகையோ.
மூன்று மகன்கள்.
இருவர் மேற்கே,
கித்தான் கூண்டு கட்டிய மாட்டுவண்டியில்.
வழியில் ஒருவனைக் காலரா கொண்டுபோக
நரி தோண்டாதிருக்கப்
புதைத்த மண்மேலேயே வண்டியை ஓட்டிப்போனார்களாம்.
மூன்றாமவர் ஏசா, கிழக்கே.
பனிக்கட்டி ஏற்றிய கப்பலில் மதராஸ்.
அங்கிருந்து ராணிப்பேட்டைக்கு
அவரும் மாட்டுவண்டிதான்.
அவருக்குக் கீழே ஒரு கேள்விக்குறி.

'அவர் கிளையில் யாரும் மிஞ்சினார்களா,
மிஸ் ரூபாவதி?'
(எனக்கு ஐம்பத்தொன்று. மருமகன் இருக்கிறான்.)

சீமைக்கருவேலத்தை ஒடித்துக்கொண்டு
கல்லறைத் தோட்டத்தில் நுழைந்தேன்.
மனைவி லிடியா, இருபத்தாறு வயது.
பக்கத்தில் ஆண் குழந்தை, ஒன்பது நாள்.
இன்னொன்று, நாலே நாள், பேர் வைக்கவில்லை.
ரத்தம் அவ்வளவுதான்.
அதற்குமேல் தோல் ஷெட்டுக் காற்று.

பூச்சி தின்றதுபோக மிஞ்சிய
ஞானஸ்நானப் பதிவேட்டில் தாது வருஷம்.
ஒரே காலையில் பதினேழு பிள்ளைகள்.
தகப்பன், தெரியாது.
தாய், தெரியாது.
ஊர் என்ற இடத்தில், கஞ்சித்தொட்டி.
யாக்கோபு, யோனா, சீலா, தீத்து
என்று எட்டு வரை வேதத்தில் எடுத்தவர்
ஒன்பதாம் பையனுக்கு
அலுத்தாரோ, அழுதாரோ,
தன் குடும்பப் பேரையே எழுதிவிட்டார்.

அந்தப் பையனின் கல்யாணப் பதிவில் அது ஸ்டில்வேல்.
பேரன் காலத்தில் தில்வேல்.
முத்துக்கடையில் பஞ்சர் ஒட்டும் தில்வேல் அண்ணனிடம்
ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போகிறவர்கள்
காற்றடித்துக்கொண்டே சொல்வார்கள்,
'முருகன் பேரு, கைராசி.'
அண்ணன் மறுப்பதில்லை.

அவர் என் பெரியப்பா மகன்.

மரத்தில் பிறப்புக்கு ஒரு கட்டம்,
மணத்துக்கு ஒன்று, மரணத்துக்கு ஒன்று.
கொடுத்ததற்குக் கட்டமில்லை.
கல்லறைத் தேதிகளை மட்டும்
எழுதி அனுப்பினால் முடிந்தது வேலை.
இரண்டு நாள் அப்படித்தான் இருந்தேன்.

மூன்றாம் நாள் பென்சிலை எடுத்து
ஸ்கேல் இல்லாமல்
ஏசாவிலிருந்து ஒரு கோடு இழுத்தேன்.
பையன், அவன் பிள்ளைகள், அவர்கள் பிள்ளைகள்,
ஓசூரில் இரண்டு வீடு, குவைத்தில் ஒருத்தன்,
என் மகள், அவள் வயிற்றில் ஐந்து மாதம்.
தாள் தீர்ந்து
காணிக்கை உறையைக் கிழித்து ஒட்டினேன்.

தபால் ஆபீசில் நிறுத்துப் பார்த்து
'எடை கூடுது, இன்னும் நாப்பது ரூபா' என்றான்.
கொடுத்தேன்.