அரை இஞ்ச் எல்போ

வடக்கு வெளி வீதியில்
பைப் சாமான் கடையில் கணக்கெழுதுகிறேன்.
பில் போடாத நேரம் படிப்பேன்.
காகிதப் புத்தகம் விரித்தால் முதலாளி கண்ணில் படும்.
கையகலக் கருவி என்றால்
ஸ்டாக் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

ஆறு வருஷத்தில் நாற்பத்தொரு புத்தகம்.
எல்லாம் காசு கொடுத்தது.
ஓசியில் இறக்கித் தருகிறேன் என்ற
லோடு ஆட்டோ பாண்டிச்செல்வத்தை
ஒருநாள் வைதிருக்கிறேன்.

மாசியில் கருவி செத்தது.
டவுன் ஹால் ரோட்டில் வேறு கம்பெனி,
விலை குறைவு, கண் கூசாத வெளிச்சம்.
பழையதையெல்லாம் அதில் ஏற்றினேன்.
பெயர்கள் வந்தன.
தொட்டால்
'இந்தக் கோப்பு வகையைத் திறக்க இயலாது.'

உதவி எண்ணில் மரியாதையான குரல்:
"எங்க கருவியில மட்டும்தான் மேடம் திறக்கும்."
நான் வாங்கியது புத்தகமா,
உங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து படிக்கிற அனுமதியா?
லைனில் இருங்க என்றாள்.
இருந்தேன். பாட்டுப் போட்டார்கள்.

அந்நேரம் ஊமச்சிகுளத்துக்காரர் ஒருவர்
அரை இஞ்ச் எல்போ நாலு கேட்டார்.
உங்க வீட்டுப் பைப் எந்தக் கம்பெனி என்று
நான் கேட்கவில்லை. கேட்டால் சிரிப்பார்.
கோயம்புத்தூர்க் குழாயும் ராஜ்கோட் வால்வும்
ஒரே சுவரில் சம்பந்தம் பண்ணிக்கொள்கின்றன.
எந்தக் காலத்திலோ யாரோ உட்கார்ந்து
மரை இத்தனை என்று பேசி முடித்துவிட்டார்கள்.
அதற்கப்புறம் சண்டையெல்லாம்
விலைக்கும் கசிவுக்கும்தான்.

டேங்க் மிதவை வாங்க வந்த
சிம்மக்கல் பதிப்பாளர் இன்னாசிமுத்துவிடம் சொன்னேன்.
"ஒங்களுக்காச்சும் ஒரு கருவிதாம்மா போச்சு.
நான் ஒரு நாவலை மூணு கடைக்கு
மூணு விதமாத் தைக்கணும்.
ஒண்ணுல புள்ளி காணாமப் போகும்,
ஒண்ணுல கொம்பு தனியா ஓடிரும்.
முந்நூறு பேரு வாங்குற புத்தகம்,
தையக்கூலிக்கே பத்தலை.
இந்த வருஷம் ஒரே கடைதான்,
அவன் சொன்ன விலைதான்."
மிதவைக்கு மட்டும் பேரம் பேசினார்.
பத்து ரூபாய் குறைத்தேன்.

மார்ச் முப்பத்தொன்று.
கடைக் கணக்கை முடித்துவிட்டு
பின்தாளில் என் கணக்கு:
நாற்பத்தொன்று, நாலாயிரத்துச் சொச்சம்.
வராக்கடன் என்று எழுதி, அடித்தேன்.
சரக்கு வந்துவிட்டது, இருக்கிறது,
மரைதான் சேரவில்லை.
அதற்கு எங்கள் பேரேட்டில் தலைப்பில்லை.

வாசலில் ஹார்ன்.
"என்ன பல்கீஸக்கா, எறக்கித் தரவா?"
என்கிறான் பாண்டிச்செல்வம்.

இன்றைக்கு வையவில்லை.