ஏழு மணி இருக்கும் இடம்

திஞ்ஜான் தண்ணீர் ரங்கூன் தெருக்களில் காயாத வாரம்
டாக்டர் படத்தை என் பக்கம் திருப்பினார்.
ஆரஞ்சு வட்டம், நடுவில் வெளிறிய கிண்ணம்,
கிண்ணத்தின் விளிம்பில் சிவப்பாய் ஒரு கீறல்.
பேனா எழுதுகிறதா என்று
யாரோ இழுத்துப் பார்த்ததுபோல.
வலக்கண், ஏழு மணி இருக்கும் இடம் என்றார்.
நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.
பத்தேகால்.

வலித்ததா?
இல்லை.
எப்போது கசிந்தது?
அது அவருக்கும் தெரியவில்லை.
அந்த நேரம் நான் வெங்காயம் அரிந்திருக்கலாம்.
பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போட்டிருக்கலாம்.
இடக்கண்ணில் மேல்பாதி போய் ஐந்து வருஷம்,
இதுதான் நல்ல கண்.
அழுத்தம் பதினாறு, நல்ல எண்தான்.
நல்ல எண்ணை வைத்துக்கொண்டு கசிகிறது.

இருட்டுக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து
வெளிச்சம் தெரிந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள்.
தெரியாதபோதும் அழுத்தினேன்.
பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான்.
யந்திரம் அதையும் எழுதிக்கொண்டது.

ஆனி முடிவதற்குள் கீறல் மறைந்துவிட்டது.
ஆஸ்பத்திரி வாசலிலேயே பலாச்சுளை வாங்கித் தின்றேன்.
டாக்டருக்குச் சந்தோஷமில்லை.
ரத்தம் போய்விடும், அது நின்ற இடத்தில்
நரம்பு மெலியும்,
பியே பியே என்றார்.
மெதுவாக என்பதைப் பர்மாக்காரர்கள்
இரண்டு தடவை சொல்வார்கள்.

பயின்னவுங் சந்தையில் உளுந்துக் கிடங்கு.
இருபத்திரண்டு வருஷமாக மூட்டை எண்ணுகிறேன்.
அடுக்கைப் பார்த்தால் போதும், தொட வேண்டாம்.
மறுவருஷம் மாசியில்
லாரிச் சீட்டுக்கு நான்கு மூட்டை குறைந்தது.
மறுபடி எண்ணினேன்.
நான்கு.
முதலாளி சுமைக்காரன் கோ ஸோ லின்னைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
"சௌந்தரம் அக்கா எண்ணினால் தப்பாது"
என்று சொன்னது அவன்தான்.
சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.
மூன்று வாரக் கூலி
கணக்கில் நின்றது.

கதவடைக்கும்போது பல்லி கத்தியது.
எங்கே என்று கழுத்தை நிமிர்த்தினேன்.
அடுக்கின் உச்சியில், இடது மூலையில்
நான்கு மூட்டைகள்
எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருந்தன.

கழுத்தை இறக்கினேன்.
இல்லை.

கறுப்பாய்த் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.
கறுப்பும் இல்லை, ஓட்டையும் இல்லை.
அங்கே சுவர் இருந்தது.
சுண்ணாம்பு உதிர்ந்த, நம்பும்படியான சுவர்,
ஈரக்கறைகூட அதன் இடத்தில்.
நானே பூசியது.

முதலாளியிடம் அன்றே சொல்லிவிட்டேன்.
அவனிடம் சொல்ல ஒரு வாரம் ஆனது.
லைங்தாயாவில் சேற்றுச் சந்துகளில் விசாரித்து
வீட்டைப் பிடித்தபோது மனைவி மட்டும் இருந்தாள்.
மியாவடி பஸ் ஏறிவிட்டானாம்,
எல்லை தாண்டியதும் போன் பண்ணுவானாம்.
கூலியைக் கொடுத்தேன். எண்ணாமல் வாங்கினாள்.
பையிலிருந்து பழைய படத்தை எடுத்தேன்.
அந்த ரத்தம் இப்போது
இந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.
ஏழு மணி இருக்கும் இடத்தில் விரலை வைத்தேன்.
விளக்கடியில் பிடித்து வெகுநேரம் தேடினாள்.

"இத்தனூண்டா?" என்றாள்.